கதினாவும் கைத்துப்பாக்கியும்: பாறசாலை எல்லையிலிருந்து ஒரு கரிமருந்துக் கதை

துப்பாக்கியைப் பற்றித் தமிழ்ச் சங்க மலரில் ஒரு கட்டுரையா என்று வாசக அன்பர்கள் நெற்றியைச் சுருக்கலாம். நானும் முதலில் தயங்கினேன். பள்ளியில் அறிவியல் சொல்லிக் கொடுத்து ஓய்வு பெற்றவன் நான். துப்பாக்கிக்கும் எனக்கும் உறவு என்று பார்த்தால் வீட்டு மச்சில் துணி சுற்றிக் கிடந்த பாட்டாவின் பழைய தோக்கு ஒன்றுதான். (தமிழில் துப்பாக்கி, மலையாளத்தில் தோக்கு, எங்கள் பாறசாலைப் பக்கத்தில் இரண்டும் செல்லும்.) அந்தத் தோக்கும், கடல் கடந்து போன என் மருமகனின் பொழுதுபோக்கும் ஒரு நாள் ஒன்றாக வந்து என் முன்னே நின்றன. அப்போது தேடிப் படித்தவற்றையும், பட்டுத் தெரிந்துகொண்டவற்றையும் இங்கே தருகிறேன். வெளிநாட்டில் பிள்ளைகள் இருக்கும் வீடுகளுக்கும், பழைய பொருள்கள் கிடக்கும் தறவாட்டு வீடுகளுக்கும் இது பயன்படும் என்பது என் நம்பிக்கை.

மருமகனின் அலமாரி

என் அக்காள் மகன் அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்தில் வேலை பார்க்கிறான். சிலர் தபால்தலை சேர்ப்பார்கள், சிலர் நாணயம் சேர்ப்பார்கள். இவன் சேர்ப்பது கரிமருந்துச் சுழல் துப்பாக்கிகளின் மறுபதிப்புகள். அதாவது 19ஆம் நூற்றாண்டில் இருந்த கைத்துப்பாக்கிகளைப் பார்த்து அதே அச்சில் இன்று புதிதாகச் செய்யப்படுபவை. அதிலும் எல்லாரும் வாங்குவதை இவன் வாங்க மாட்டான். விசித்திரமானதாக இருக்க வேண்டும். சென்ற ஆண்டு ஒரு நாள் தொலைபேசியில் கேட்டான்: “மாமா, அடுத்த ஓணத்துக்கு வரும்போ ஒண்ணு கொண்டாரட்டா? நம்ம பாட்டா தோக்குக்குப் பக்கத்துல செவர்ல மாட்டலாம். இது இங்க சட்டப்படி துப்பாக்கியே இல்ல, தெரியுமா?”

“துப்பாக்கியே இல்லையா? அப்போ அது என்னது மக்ளே?” என்றேன். அந்தக் கேள்விக்கு விடை தேடப் போய்த்தான் இந்தக் கட்டுரை பிறந்தது.

கதினா தெரிந்தவருக்குக் கரிமருந்து தெரியும்

நெய்யாற்றின்கரை, பாறசாலை, களியக்காவிளை வட்டாரத்தில் பிறந்தவர்களுக்குக் கரிமருந்தை அறிமுகம் செய்யவே வேண்டாம். திருவிழா என்றால் கதினா வெடி உண்டு. வெடிவழிபாட்டுக்குச் சீட்டு எடுத்தால் பெயர், நட்சத்திரம் சொல்லி வெடி போடுவார்கள். கதினா என்பது அடிப்பக்கம் மூடிய சிறிய இரும்புக் குழாய். அடியில் ஒரு துளை. உள்ளே கரிமருந்து, அதன்மேல் மண்ணோ செங்கல் பொடியோ இட்டு இடித்து இறுக்குவார்கள். துளை வழியே தீ உள்ளே போனதும் மருந்து முழுவதும் ஒரு நொடியில் எரிந்து வாயு கிளம்பும். அந்த வாயுவுக்கு வெளியேற வழி மேல்பக்கம் ஒன்றுதான். அதுதான் அந்த முழக்கம்.

வெடியுப்பு, கந்தகம், கரி ஆகிய மூன்றும் சேர்ந்ததே கரிமருந்து. கரியும் கந்தகமும் எரிபவை. எரிவதற்கு வேண்டிய பிராணவாயுவை வெடியுப்பு தன்னுள்ளேயே வைத்திருக்கிறது. ஆகவே மூடிய குழாய்க்குள் வெளிக்காற்றே இல்லாவிட்டாலும் அது எரியும். கதினாவைப் படுக்க வைத்து, நீட்டி, மண்ணுக்குப் பதிலாக ஓர் ஈயக் குண்டை வைத்தால் அதுவே துப்பாக்கி. பெரிதாக வார்த்தால் பீரங்கி.

பீரங்கி வார்த்த ஊரும் நமக்கு அடுத்த ஊர்தான். 1741இல் குளச்சலில் டச்சுக்காரர்களை மார்த்தாண்ட வர்மா மகாராஜா தோற்கடித்தார். அவர்களில் ஒருவரான டி லனாய் பின்னர் திருவிதாங்கூர்ப் படைக்கே தளபதியாகி, மக்களால் ‘வலிய கப்பித்தான்’ என்று அழைக்கப்பட்டார். தக்கலைக்கு அருகே புலியூர்க்குறிச்சியில் உள்ள உதயகிரிக் கோட்டையில் துப்பாக்கி, பீரங்கி செய்யும் உலை அவர் காலத்தில் இயங்கியது. 1777இல் காலமான அவருடைய கல்லறை இன்றும் அக்கோட்டைக்குள் இருக்கிறது. அதில் லத்தீனோடு தமிழும் பொறிக்கப்பட்டுள்ளது என்பது நாம் நினைவில் கொள்ளத்தக்கது. அதே மார்த்தாண்ட வர்மா இளமையில் எதிரிகளுக்குத் தப்பி ஒளிந்ததாகச் சொல்லப்படும் ‘அம்மச்சிப் பிலாவு’ நெய்யாற்றின்கரை கிருஷ்ணசுவாமி கோயில் வளாகத்தில் உள்ளது. 1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு தாலுகா தமிழ்நாட்டுக்கும் நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்துக்கும் என்று கோடு விழுந்தது. அதற்கு முன்பு இது ஒரே நாட்டின் ஒரே கதை.

கல்கத்தாவுக்குப் போன பையன்

இனி சுழல் துப்பாக்கிக்கு வருவோம். பழைய தோக்கில் ஒரு முறை சுட்டால், மறுபடி மருந்து இட்டு, குண்டு இட்டு, கம்பியால் இடித்து முடிப்பதற்குள் எதிரி வந்துவிடுவான். பல அறைகள் கொண்ட ஓர் உருளையைச் சுழலச் செய்தால் இந்தச் சங்கடம் தீரும் என்று பலரும் யோசித்தார்கள். 1818இல் எலிஷா காலியர் என்ற அமெரிக்கர் லண்டனில் அப்படிப்பட்ட ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார். ஆனால் அது சிக்கிமுக்கிக் கல் பொறியில் தீப்பிடிக்கும் வகை. காற்றும் மழையும் அதற்கு ஆகாது.

தீப்பிடிக்க வைக்கும் வழியை மாற்றியவர் ஸ்காட்லாந்தில் ஒரு பாதிரியார், பெயர் ஃபோர்சித். பறவை வேட்டையில் ஈடுபாடு உள்ளவர். கல் பொறியின் புகையைக் கண்டதுமே பறவை பறந்துவிடுகிறதே என்ற ஆதங்கத்தில், அடித்தால் தீப்பிடிக்கும் மருந்தைப் பயன்படுத்தும் முறைக்கு 1807இல் காப்புரிமை பெற்றார். அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் அந்த மருந்தைச் சிறு செப்புத் தொப்பிக்குள் அடைத்த ‘கேப்பு’ வந்துவிட்டது. தீபாவளிக்குக் குழந்தைகள் சுடும் பொட்டு வெடிக்கும் இதற்கும் தத்துவம் ஒன்றே. அடித்தால் பொறி. அவ்வளவுதான்.

இந்தக் கேப்பையும் சுழலும் உருளையையும் சேர்த்து வெற்றி கண்டவர் சாமுவேல் கோல்ட். 1830இல், 16 வயதுப் பையனாக, ‘கோர்வோ’ என்ற கப்பலில் மாலுமி வேலைக்குச் சேர்ந்து அவர் வந்தது எங்கே தெரியுமா? நம் கல்கத்தாவுக்கு! அந்தப் பயணத்தில்தான் கப்பல் சக்கரம் சுழன்று பூட்டிக்கொள்வதைப் பார்த்து, மரத்தில் ஒரு மாதிரி செதுக்கினார் என்று சொல்வார்கள். அமெரிக்காவில் அவர் காப்புரிமை பெற்ற ஆண்டு 1836. 1851இல் லண்டனில் நடந்த பெரும் கண்காட்சியில் கோல்ட்டும், இங்கிலாந்தைச் சேர்ந்த ராபர்ட் ஆடம்ஸும் தத்தம் துப்பாக்கிகளைப் போட்டி போட்டுக் காட்டினார்கள். 1857இல் நம் நாட்டில் சிப்பாய்கள் எழுந்தபோது அவர்களை எதிர்த்த வெள்ளை அதிகாரிகள் கையில் இவ்விரு வகைகளும் இருந்தன. சேகரிப்பவரின் கண்ணாடி அலமாரியில் அழகாகத் தெரியும் பொருள், நம் சரித்திரத்தில் யார் கையில் இருந்தது என்பதையும் மறக்கக் கூடாது அல்லவா?

புதிதாகச் செய்யப்படும் பழமை

1884இல் பிரெஞ்சு வேதியியலார் போல் வியே புகையில்லா மருந்தைக் கண்டுபிடித்தார். செப்புத் தோட்டாக்கள் அதற்கு முன்பே வந்துவிட்டன. கரிமருந்துச் சுழல் துப்பாக்கியின் காலம் முடிந்தது.

மறுபடி அதற்கு உயிர் கொடுத்தது ஒரு நூற்றாண்டு விழா. அமெரிக்க உள்நாட்டுப் போர் 1861 முதல் 1865 வரை நடந்தது. அதன் நூறாவது ஆண்டு நெருங்கியபோது, போர்க்களக் காட்சிகளை நடித்துக் காட்டப் பலருக்கும் அந்தக் காலத் துப்பாக்கி தேவைப்பட்டது. அசல் பொருளோ அரிது, விலையும் அதிகம். வால் ஃபோர்கெட் என்ற அமெரிக்க வியாபாரி 1950களின் இறுதியில் இத்தாலிக்குப் போனார். பிரெஷியா மாவட்டத்தில் கார்டோனே வால் டிராம்பியா என்ற பள்ளத்தாக்கு ஊர், பல நூற்றாண்டுகளாகத் துப்பாக்கித் தொழில் நடக்கும் இடம். சிவகாசிக்குப் பட்டாசு எப்படியோ அப்படி அந்த ஊருக்குத் துப்பாக்கி. அங்கே 1851ஆம் ஆண்டுக் கோல்ட் கடற்படை மாதிரியின் மறுபதிப்பு உருவானது. ஊபெர்ட்டி, பியேட்டா, பெடர்சோலி போன்ற நிறுவனங்கள் அந்தத் தொழிலில் பெயர் பெற்றன.

மருமகன் அனுப்பிய படங்களிலிருந்து சில விசித்திரங்களைச் சொல்கிறேன்.

முதலாவது லெ மாட். நியூ ஆர்லியன்ஸ் நகரத்து மருத்துவர் ஒருவர் 1856இல் காப்புரிமை பெற்றது. வழக்கமாக ஆறு அறை இருக்கும் இடத்தில் இதற்கு ஒன்பது. உருளை சுழலும் அச்சே இன்னொரு குழல். அதற்குள் ரவை போட்டுச் சுடலாம். மருத்துவருக்கு இப்படி ஒரு யோசனை வந்ததே என்று எனக்கு வியப்பு.

இரண்டாவது பேட்டர்சன். கோல்ட்டின் முதல் தயாரிப்பு, ஐந்து அறை. விசை வெளியே தெரியாது. மேலே குதிரையைப் பின்னுக்கு இழுத்தால் மட்டும் அது கீழே எட்டிப் பார்க்கும்.

மூன்றாவது வாக்கர், 1847. எடை ஏறக்குறைய 2 கிலோ. இடுப்பில் தொங்கவிட முடியாது என்று குதிரைச் சேணத்தில் வைத்தார்களாம்.

நான்காவது, பித்தளைச் சட்டம் கொண்ட கிரிஸ்வோல்ட். தென் மாநிலங்களில் இரும்புக்குத் தட்டுப்பாடு வந்ததால் பித்தளையில் செய்தார்கள். ஜார்ஜியாவில் இருந்த அந்தத் தொழிற்சாலையில் வேலை செய்தவர்களில் பெரும்பாலோர் அடிமைகள். 1864 நவம்பரில் வடக்குப் படை அதை எரித்தது. மஞ்சள் நிறத்தில் பளபளக்கும் அந்த மறுபதிப்பைப் பார்த்தபோது மருமகனிடம் இதைச் சொன்னேன். “படிச்சேன் மாமா. அத படிச்ச பொறவுதான் இத வாங்கினேன்” என்றான். சேகரிப்பு என்பது வெறும் ஆசை மட்டும் அல்ல, அதில் படிப்பும் உண்டு என்று அன்று ஒப்புக்கொண்டேன்.

இன்னொரு நுணுக்கம். இத்தாலியத் தயாரிப்புகளில் அரசுச் சோதனைச் சாலையின் முத்திரையோடு ஆண்டுக் குறியும் இருக்கும். முன்பு ரோம எண்ணாலும், 1970களின் நடுவிலிருந்து ஈரெழுத்தாலும் குறித்தார்கள். அதைப் படிக்கத் தெரிந்தவனை ‘இது 1860இல் செய்தது’ என்று யாரும் ஏமாற்ற முடியாது.

ஓர் அறையில் பட்ட பொறி

இதை நிரப்பும் முறையைக் கேட்டபோது என் மனம் கதினாவுக்குப் போயிற்று. ஒவ்வோர் அறையிலும் முன்பக்கமாக மருந்து போய், அதன்மேல் அறையைவிடச் சற்றே பெரிய ஈயக் குண்டு அழுத்தப்படுகிறது. ஓரத்தில் ஒரு மெல்லிய ஈய வளையம் சீவி விழுந்தால் குண்டு சரியாக அடைத்துக்கொண்டது என்று அர்த்தம். பின்பக்கம் கேப்பு. குண்டின் மேல் கொழுப்பும் தடவுவார்கள்.

கொழுப்பு எதற்கு? கதினாக்களை வரிசையாக வைத்துக் கரிமருந்தைத் தூவித் தீ வைத்தால் ஒன்று தொட்டு ஒன்றாக எல்லாமே வெடிக்கும் அல்லவா? கோயிலில் நமக்கு வேண்டியது அதுதான். கைத்துப்பாக்கியில் அப்படி நடந்தால் கை போய்விடும். ஓர் அறையின் தீ அடுத்த அறைக்குத் தாவாதிருக்கத்தான் இத்தனை அடைப்பும் கொழுப்பும்.

சுட்ட பிறகு வேலை இன்னும் அதிகம். கரிமருந்தின் கசடு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். அன்றே வெந்நீரிலும் சோப்பிலும் கழுவித் துடைத்து எண்ணெய் போடாவிட்டால் துரு ஏறிவிடும். டெக்சாஸிலேயே அப்படி என்றால், இடவப்பாதி மழை பெய்யும் நம்மூரில் கேட்கவே வேண்டாம்.

கரிமருந்து எப்படிப்பட்டது என்பதை நான் புத்தகத்தில் படிக்கவில்லை. பாட்டாவின் தம்பி வெடிக்காரர். ஒரு திருவிழாவில் கதினா இடிக்கும்போது தீப்பற்றியது. வலது கையில் மூன்று விரல்கள் போயின. மீதி இரண்டு விரலால் அவர் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவுவதைப் பார்த்து வளர்ந்தவன் நான். 2016 ஏப்ரல் 10 அன்று கொல்லம் மாவட்டம் பரவூர் புற்றிங்கல் கோயிலில் நூற்றுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்ததை நாடே அறியும்.

அங்கே துப்பாக்கி அல்ல, இங்கே?

மருமகன் சொன்னது பொய் அல்ல. அமெரிக்காவில் 1968ஆம் ஆண்டின் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி, 1898 வரை செய்யப்பட்டவையும், முன்பக்கம் கரிமருந்து இட்டுச் சுடும் வகையின் மறுபதிப்புகளும் ‘பழம்பொருள்’ என்று விலக்கப்பட்டுள்ளன. தோட்டா போட மாற்றக்கூடியதாக இருக்கக் கூடாது என்பது போன்ற நிபந்தனைகள் உண்டு. மாநிலத்துக்கு மாநிலம் விதியும் மாறும். ஆனாலும் பொதுவாக இவற்றை அங்கே சுலபமாக வாங்கலாம்.

இந்தியாவில் நிலைமை வேறு. 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம், வெடிபொருளின் விசையால் குண்டை எறியும்படி அமைந்த எதையும் துப்பாக்கி என்கிறது. கரிமருந்தா புகையில்லா மருந்தா என்று அது பார்ப்பதில்லை. உரிமம் இன்றி வைத்திருப்பது குற்றம். வெளிநாட்டிலிருந்து கொண்டுவர அதற்கென்று தனி உரிமம் வேண்டும். சுவரில் மாட்டத்தான் என்று சொன்னால் விமான நிலையத்தில் எடுபடாது. வழக்கு, கைது, சிறை என்று போகும். 2019ஆம் ஆண்டுத் திருத்தம் தண்டனைகளைக் கூட்டியதோடு, ஒருவர் உரிமத்தில் வைத்துக்கொள்ளும் துப்பாக்கிகளின் எண்ணிக்கையை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்தது.

“பழசுக்கு விலக்கு உண்டே” என்று சிலர் சொல்வார்கள். சட்டத்தின் 45ஆம் பிரிவில் உண்டுதான். ஆனால் பழசாக இருந்தால் மட்டும் போதாது. பழுது பார்த்தாலும் சுட முடியாததாக இருக்க வேண்டும். அப்படி அல்லாத பழம்பொருள்கள் உரிமம் வேண்டிய வகைகளில்தான் சேரும். குடகு நாட்டில் கொடவர்களுக்குத் துப்பாக்கி வைக்கத் தனி விலக்கு உண்டு, அவர்கள் அதற்குப் பூசையும் செய்கிறார்கள். பெங்களூர், மைசூர் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்கள் அதைப் பார்த்து நமக்கும் அப்படி என்று நினைத்துவிடக் கூடாது.

மச்சிலிருந்து இறங்கிய தோக்கு

இதையெல்லாம் படித்து முடித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. மருமகனைத் தடுத்துவிடலாம். மச்சில் கிடக்கும் பாட்டாவின் தோக்கு? பன்றி வந்து மரச்சீனி தோண்டும் என்று உரிமம் வாங்கி வைத்தது. பாட்டா 1983இல் காலமானார். உரிமப் புத்தகம் டிரங்குப் பெட்டியில் இருக்கிறது. அதற்குப் பிறகு யாரும் புதுப்பிக்கவில்லை. இத்தனை காலமும் சட்டத்துக்கு விரோதமான ஒரு பொருளின் கீழேதான் பேரப்பிள்ளைகளைப் படுக்க வைத்திருக்கிறேன். அதைவிடப் பெரிய பயம் ஒன்று உண்டு. பாட்டா காலத்துத் தோக்கில் மருந்து நிரப்பியபடியே இருந்தால்? முன்பக்கம் நிரப்பும் வகையில் உள்ளே ஒன்று இருக்கிறதா இல்லையா என்று வெளியே பார்த்துத் தெரியாது. ஈரம் படாமல் இருந்தால் கரிமருந்து பல ஆண்டு கழித்தும் எரியும்.

அக்காளிடம் சொன்னேன். “அப்பாவுக்க நெனவா அது ஒண்ணுதான் இருக்கு. அதயும் கொண்டு குடுக்கணுமா?” என்று அழுதாள். அவள் கேட்டதில் நியாயம் இருந்தது. ஆனாலும் வக்கீல் ஒருவரைப் பார்த்து, உரிமப் புத்தகம், இறப்புச் சான்றிதழ், வாரிசு விவரம் எல்லாம் சேர்த்து மனு எழுதினோம். தோக்கை நான் தொடவில்லை. தகவல் கொடுத்ததும் காவல் நிலையத்திலிருந்து விவரம் தெரிந்தவர் வந்து, கம்பியை உள்ளே விட்டு அளந்து பார்த்தார். வெளியே பிடித்துப் பார்த்தபோது கம்பி நான்கு விரல்கடை குறைந்தது. உள்ளே மருந்தும் ரவையும் அப்படியே இருந்தன. நாற்பது ஆண்டுகள்! அக்காள் அதற்குப் பிறகு அழவில்லை.

வாசகர்களுக்குச் சில குறிப்புகள்

ஒன்று: வீட்டில் பழைய துப்பாக்கி இருந்தால் நீங்களே கழற்றவோ, சுத்தம் செய்யவோ, குதிரையை இழுத்துப் பார்க்கவோ வேண்டாம். குழலின் வாய்க்கு நேரே நிற்கவும் வேண்டாம்.

இரண்டு: உரிமம் இருந்தவர் காலமாகிவிட்டால், துப்பாக்கியைக் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற வியாபாரியிடமோ ஒப்படைக்கச் சட்டத்தில் வழி உண்டு. வாரிசு தன் பெயருக்கு உரிமம் கேட்கவும் 2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகளில் இடம் இருக்கிறது. உரிமம் உள்ளவர் 70 வயதானால், அல்லது 25 ஆண்டு வைத்திருந்தால், உயிரோடு இருக்கும்போதே வாரிசுக்கு மாற்றலாம். காலம் தாழ்த்தியிருந்தால் முதலில் வக்கீலைப் பாருங்கள்.

மூன்று: வெளிநாட்டிலிருந்து பிள்ளைகள் வரும்போது, ‘அங்கே சாதாரணம்’ என்ற பேச்சை நம்பி எதையும் பெட்டியில் வைக்க விடாதீர்கள். காலிக் கேப்பு, வெற்றுத் தோட்டா கூடத் தொல்லை தரும்.

நான்கு: பார்க்க ஆசை என்றால் அருங்காட்சியகம் இருக்கிறது. சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் தஞ்சை அரண்மனையின் பழைய ஆயுதங்கள் உள்ளன. பத்மநாபபுரம் அரண்மனையிலும் ஆயுதங்களைக் காணலாம். உதயகிரிக் கோட்டைக்குப் பிள்ளைகளை அழைத்துச் சென்று டி லனாய் கல்லறையில் உள்ள தமிழ் எழுத்துகளைக் காட்டுங்கள்.

மருமகன் ஓணத்துக்கு வந்தான், துப்பாக்கி இல்லாமல். பாட்டாவின் மருந்துக் கொம்பு மட்டும் எங்களிடம் மிஞ்சியது. மாட்டுக் கொம்பில் செய்தது, வெறுமையானது. வக்கீலிடம் கேட்டுக்கொண்டு அதை மட்டும் வைத்துக்கொண்டோம். அவன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “மாமா, எங்கிட்ட உள்ளதெல்லாம் புதுசு. இது ஒண்ணுதான் அசலு” என்றான். அவன் சேகரிப்பை விட்டுவிடவில்லை. விடச் சொல்லவும் எனக்கு மனம் இல்லை. அந்த நாட்டுச் சட்டத்துக்கு உட்பட்டு, படித்துப் பொறுப்போடு செய்கிறான். அது அங்கே இருக்கட்டும். இங்கே சுவரில் தோக்கு இருந்த ஆணியில் இப்போது அந்தக் கொம்பு தொங்குகிறது. அக்காள் தினமும் அதைத் துடைத்து வைக்கிறாள்.